டப்பாவில் கிடந்த மூன்று வாட்சுகள்: விற்பதா, புதுசாக்குவதா, கட்டிக்கொள்வதா?

அப்பாவின் வருடத் திதி முடிந்த மறுநாள் காலை, அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வைத்தார். உள்ளே மூன்று கைக்கடிகாரங்கள், அறுந்துபோன ஒரு ஸ்டீல் செயின், மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு ரசீது. “உங்களுக்குள்ள பேசி எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒன்று, அப்பா ஓய்வு பெறும்வரை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா. இன்னொன்று, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த தாத்தாவின் ஃபேவர் லூபா. மூன்றாவது, 1982-இல் குவைத்திலிருந்து ஊருக்கு வந்தபோது பெரியப்பா அப்பாவுக்குக் கொடுத்த சீக்கோ ஃபைவ்.

விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. அக்காவுக்குத் தாத்தாவின் வாட்சை வெளியே விட மனமில்லை. புது டயல் போட்டு, பாலிஷ் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். கையில் இருப்பது என்னவென்றே தெரியாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதை, இதே மாதிரி ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. அப்படியே பத்திரமாக வைப்பது, சர்வீஸ் செய்து கட்டிக்கொள்வது, புதுசு போல ஆக்குவது, உள்ளூர்க் கடையில் கொடுத்துவிடுவது, பழைய வாட்ச் சேகரிப்பவர்களுக்கு விற்பது. இவற்றை எடைபோடும்போது எது எவ்வளவு பணம் தரும் என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும். நான் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைப்பேன்: செய்தபின் மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ஸ்ட்ராப்பை மாற்றினால் திரும்ப முடியும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மாற்றினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் டயலை அழித்து மறுபடி அச்சிட்டால், கேஸை, அதாவது மிஷினை மூடியிருக்கும் உலோகக் கூட்டை, தேய்த்து பாலிஷ் போட்டால், போனது போனதுதான். விற்றதும் அப்படியே. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது எங்கள் மூன்று வாட்சுகளுக்கும் மூன்று வேறு வேறு பதில்கள் கிடைத்தன.

முதலில் எதையும் தொடாமல் இருப்பது

டப்பாவைத் திறந்ததும் கை பரபரக்கும். துடைக்கலாம், பற்பசை போட்டுக் கண்ணாடியைத் தேய்க்கலாம், சாவி கொடுத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் தோன்றும். வேண்டாம். முதலில் நல்ல வெளிச்சத்தில் முன்பக்கம், பின்மூடி, பக்கவாட்டு, ஸ்ட்ராப்பின் பக்கிள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கூடக் கிடக்கும் எதையும் தூக்கி எறியாதீர்கள். அறுந்த செயின் எதற்கு என்று நாங்கள் குப்பையில் போடப் பார்த்தோம். அது என்னவாக இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பல வருடம் நின்றுபோயிருந்த வாட்ச் இரண்டு சுற்று சாவி கொடுத்ததும் டிக் டிக் என்று ஓட ஆரம்பிக்கும். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே கட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. உள்ளே இருந்த எண்ணெய் எப்போதோ காய்ந்து பிசினாகியிருக்கும். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் சக்கரங்களின் நுனி தேயும், அந்தத் தேய்மானத்துக்கு மாற்றுப் பாகம் தேட வேண்டிவரும். அதேபோல், முழுச் சாவியும் ஏறிய நிலையில் நின்றுபோன வாட்சைப் பார்த்து, “சாவி அதிகமா கொடுத்துட்டாங்க, அதான் நின்னுடுச்சு” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெரும்பாலும் அது காரணமில்லை. ஸ்பிரிங் முழுக்க முறுக்கேறியபின்னும் வாட்ச் ஓடவில்லை என்றால், அழுக்கும் காய்ந்த எண்ணெயும் சக்கரங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன என்றுதான் அர்த்தம்.

இரவில் ஒளிர்வதற்காக முள்ளிலும் எண்களிலும் பூசிய பூச்சு பழுப்பேறி, உதிர்ந்த நிலையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1960-களுக்கு முந்தைய பல வாட்சுகளில் அந்தப் பூச்சு ரேடியம். அதன் ஒளி எப்போதோ செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 வருடம். மூடிய வாட்சை மேசைமேல் வைத்துப் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. திறந்து சுரண்டுவதும், அந்தத் தூளை மூச்சில் இழுப்பதும்தான் ஆபத்து. டயலின் அடியில் ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்துகளுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில ‘டி’ இருந்தால் அது டிரிட்டியம் என்ற இன்னொரு கதிர்வீச்சுப் பொருள். அதன் வீரியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

எது எதுவென்று கண்டுபிடித்தது

சீக்கோவிலிருந்து தொடங்குகிறேன், அடையாளம் காண்பதில் அது போல எளிது வேறில்லை. சீக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, நடுவில் சிறு கோடு போட்ட எண். கோட்டுக்கு முன்னால் உள்ள நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மிஷினின் எண், பின்னால் இருப்பது கேஸின் எண். எங்களுடையதில் மிஷின் 7009. இன்னொன்று ஆறிலக்க வரிசை எண். அதில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு ‘ஓ’, நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ என்று ஆங்கில எழுத்துகள். எங்கள் வாட்சில் முதலில் 0, அடுத்து ‘என்’. அப்படியானால் 1980 நவம்பர், இல்லாவிட்டால் 1990 நவம்பர். 7009 மிஷின் இரண்டு காலத்திலும் இருந்ததால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பெரியப்பா அதைக் கொண்டுவந்தது 1982-இல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் 1980. வீட்டுக் கதைகள் எவ்வளவு முக்கியமான ஆதாரம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவையும் அத்தையையும் உட்காரவைத்து, யார் எப்போது எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாட்சின் கிழமைச் சக்கரத்தில் ஆங்கிலத்தோடு அரபியும் இருந்தது. வளைகுடா நாட்டுச் சந்தைக்காக வந்தது என்பதற்கு அது சாட்சி. அப்புறம், அந்த அறுந்த செயின். அதன் கொக்கியைத் துடைத்துப் பார்த்தால் சீக்கோவின் பெயர் பொறித்திருந்தது. வாட்சோடு வந்த அசல் செயின் அது! ஒரு பின் மட்டும்தான் போயிருந்தது.

அப்பாவின் ஜனதாவுக்கு ரசீதே இருந்தது: 1974. முதல் சம்பளத்தில் வாங்கியதாக அம்மா சொன்னார். எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. ஆரம்பகால டயல்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். ஜனதா அதன் மிக எளிய வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும், 17 ஜுவல் (உராய்வைக் குறைக்க மிஷினுக்குள் வைக்கும் சின்னக் கற்கள்), தேதி கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அதைத்தான் கட்டினார்கள், கல்யாணத்தில் மாப்பிள்ளைகளுக்கும் அதைத்தான் போட்டார்கள். நிறுவனம் கோடிக்கணக்கில் வாட்சுகள் செய்தது; ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்து 1980-களின் கடைசியில் சந்தையே மாறியது. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் காலகட்டத்தில் அவற்றைத் தேடி வாங்கும் ஆர்வம் பெருகியது.

எங்கள் ஜனதாவின் டயல் ஓரங்களில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அது குறை என்று நான் நினைத்தேன். ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, “இது அசல் டயலுங்க. இதை மட்டும் யார் சொன்னாலும் மாத்திடாதீங்க” என்றார். அந்த வாக்கியத்தின் மதிப்பு தாத்தாவின் வாட்சைத் திறந்தபோது தெரிந்தது.

தாத்தாவின் ஃபேவர் லூபாவை டப்பாவில் பார்த்தபோது மூன்றிலும் அழகு அதுதான். பளிச்சென்ற வெள்ளை டயல், கறுப்பு எழுத்து, தங்கப் பூச்சுக் கேஸ். 1737-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் அந்த சுவிஸ் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாயில் கால் வைத்தது. அதனால் நம் நாட்டில் அந்தத் தலைமுறையிடம் அதற்குப் பெரிய மரியாதை இருந்தது. எங்களுடையது ‘சீ சீஃப்’ என்ற மாடல். பின்மூடியில் தாத்தாவின் பெயரின் முதல் எழுத்துகளும் 1968 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. அது அவர் ஓய்வு பெற்ற ஆண்டு.

ஆனால் லென்ஸில் பார்த்தபோது அழகு கலைந்தது. எழுத்துகள் தடித்து, ஓரம் பிசிறடித்திருந்தன. நிமிடக் கோடுகள் மணி அடையாளங்களுக்கு நேராக இல்லாமல் சற்றே விலகியிருந்தன. டயலின் அடியில் இருக்க வேண்டிய ‘சுவிஸ் மேட்’ என்ற சின்ன எழுத்துகளைக் காணோம். 1968-இன் வாட்சில் ஒரு துளி பழுப்புகூட இல்லை. மறு அச்சு டயல் என்றார் ரிப்பேர்காரர். அம்மாவிடம் கேட்டேன். தொண்ணூறுகளில் தாத்தாவின் நினைவாக அதைப் புதுசு போல ஆக்கித் தரச் சொல்லி அப்பா ஒரு கடையில் கொடுத்தாராம். அவர்கள் பழைய டயலைச் சுரண்டி, மேலே புதிதாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அன்பினால் செய்த காரியம். தாத்தா தினமும் பார்த்த அந்த டயல் இப்போது இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா, காமி, ஹென்றி சாண்டோஸ் வாட்சுகளுக்கு இப்படி மறு அச்சு டயல் போட்டு விற்கும் தொழில் மும்பையில் பெரிதாக நடக்கிறது. இணையத்தில் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் எச்.எம்.டி.யின் பைலட் மாடலைப் பார்த்திருப்பீர்கள். பைலட் என்றால் பெரும்பாலும் கறுப்பு டயல்தான். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பழைய வாட்ச், மலிவான விலையில் வந்தால் முதலில் டயலைச் சந்தேகப்படுங்கள்.

பின்மூடியைத் திறக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். திறந்ததும் மிஷினைப் போட்டோ எடுங்கள். டயலில் ஒரு பெயரும் மிஷினில் வேறொரு பெயரும் இருக்கிறதா, எத்தனை ஜுவல் என்று மேலே போட்டிருப்பதும் உள்ளே பொறித்திருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறியது போலச் சின்னச் சின்ன எழுத்துகள் இருந்தால் அழுக்கென்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்தபோதும் ரிப்பேர்காரர்கள் போட்டுவைத்த குறிகள் அவை. அப்பாவின் ஜனதாவில் ஐந்து குறிகள் இருந்தன. அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உங்கள் டப்பாவில் இருப்பது ரோலெக்ஸ், ஒமேகா, லாஞ்சின்ஸ், பாட்டெக் ஃபிலிப் போன்ற பெயர் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தெருமுனைக் கடையில் திறக்க வேண்டாம். பழைய ரோலெக்ஸில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால், அது மாட்டும் கொம்புகளுக்கு நடுவே 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் வரிசை எண்ணும் இருக்கும். பழைய ஒமேகாவில் மிஷின்மேல் உள்ள ஏழு, எட்டு இலக்க எண் தோராயமான ஆண்டைச் சொல்லிவிடும். லாஞ்சின்ஸும் பாட்டெக் ஃபிலிப்பும் தங்கள் பழைய பதிவேடுகளிலிருந்து, குறிப்பிட்ட வாட்ச் எப்போது செய்யப்பட்டது என்று எழுதியே தருவார்கள். அந்த ஒரு தாளுக்குச் சந்தையில் தனி மரியாதை உண்டு.

மதிப்பு என்றால் எந்த மதிப்பு?

ஒரே வாட்சுக்கு மூன்று விலைகள் இருப்பது தெரியாமல்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அல்லது கோபப்படுகிறார்கள். உலோகத்தின் விலை ஒன்று. கடைக்காரர் நமக்குக் கொடுக்கும் விலை ஒன்று. சேகரிப்பவர் ஒருவர் விரும்பி வாங்கும் விலை இன்னொன்று.

உலோகத்தைப் பற்றி முதலில் பேசி முடித்துவிடலாம். தாத்தாவின் வாட்ச் தங்கம் என்றே எங்கள் வீட்டில் நாற்பது வருடமாகப் பேச்சு. அதில் இருந்தது 10 மைக்ரான் பூச்சு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கேஸ் முழுக்கச் சுரண்டினாலும் அரை கிராம் தங்கம் தேறாது. அசல் தங்கக் கேஸ் என்றால் உட்பக்கத்தில் 18 காரட்டுக்கு 750, 14 காரட்டுக்கு 585 என்ற எண்ணோடு முத்திரை இருக்கும். மைக்ரான் என்ற சொல்லோ, பின்மூடி மட்டும் ஸ்டீல் என்ற குறிப்போ இருந்தால் அது பூச்சுதான். அசல் தங்கமாகவே இருந்தாலும் அடகுக் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மிஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும்தான் எடை போடுவார்கள்.

கடைக்காரர் விலைக்கு வருவோம். மூன்றையும் ஒரு கடையில் காட்டினேன். ஜனதாவுக்கு 600, ஃபேவர் லூபாவுக்கு 1,000, சீக்கோவுக்கு 1,000 ரூபாய் என்றார். குறைவுதான். ஆனால் அவர் பக்கமிருந்து பார்த்தால், அவர் அதைச் சர்வீஸ் செய்ய வேண்டும், எப்போது விற்கும் என்று தெரியாமல் வைத்திருக்க வேண்டும், விற்காவிட்டால் பாகங்களுக்காக உடைக்க வேண்டும். அதையெல்லாம் கழித்துத்தான் அந்த விலை. உடனடியாகக் காசு வேண்டும், வாட்சின்மேல் எந்தப் பிடிப்பும் இல்லை என்றால் அது நியாயமான வழிதான்.

சேகரிப்பவர் கொடுக்கும் விலையைத் தெரிந்துகொள்ள, இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஏல இணையதளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் அதே மாடல், அதே மிஷின் எண், அதே நிலையில் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். சர்வீஸ் ஆனதா, டயல் அசலா, செயின் அசலா என்பதில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட மாறுவதைப் பார்த்தேன். பழுப்பேறிய அசல் டயலுக்குக் கூடுதல் விலை, பளபளக்கும் மறு அச்சுக்குக் குறைந்த விலை. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கும் சந்தை மதிப்பதற்கும் இவ்வளவு தூரம்.

பின்மூடியில் பெயர் பொறித்திருப்பது விலையைக் கூட்டுமா, குறைக்குமா? யாருடைய பெயர் என்பதைப் பொறுத்தது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் பின்மூடியில் வண்டியைக் கவனமாக ஓட்டு என்று அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வரி இருந்தது. அது அவருடைய வாட்ச் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? எங்கள் தாத்தாவின் பெயருக்குச் சந்தையில் விலை கிடையாது, சொல்லப்போனால் முன்பின் தெரியாத ஒருவருடைய பெயர் என்று கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள். எங்களுக்கோ அந்த வாட்சில் மிச்சமிருக்கும் உண்மையான விஷயமே அந்தப் பொறிப்புதான்.

ஐந்து வழிகளில் எது?

புதுசு போல ஆக்கும் வழியை நான் முழுக்க நிராகரிக்கிறேன். பணமும் போகும், மதிப்பும் போகும், கட்டியிருந்தவரின் அடையாளமும் போகும். கேஸில் உள்ள கீறல்களை பாலிஷ் போட்டு எடுக்கும்போது உலோகமும் சேர்ந்தே தேய்கிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்கி, வாட்சின் உருவமே மாறும். பூச்சுத் தங்கத்தில் பாலிஷ் போட்டால் அடியில் இருக்கும் பித்தளை பல்லிளிக்கும். அக்காவிடம் இதைச் சொல்லவே எனக்கு இரண்டு வாரம் ஆனது, லென்ஸில் எடுத்த போட்டோக்களைக் காட்டியதும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்படியே வைப்பது செலவில்லாத வழி, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய வழி. முடிவுக்கு வர முடியாத குடும்பங்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் நம் ஊர்க் காற்றில், அதுவும் கடலோர ஊர்களில், ஈரம் சும்மா விடாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பொட்டலத்தை மாற்றுவது, இவை போதும். வியர்வை ஊறிய தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றித் தனியாக வையுங்கள். பேட்டரி வாட்ச் என்றால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். கசிந்தால் மிஷினையே அரித்துவிடும்.

சர்வீஸ் செய்து கட்டிக்கொள்வதுதான் என் மனத்துக்குப் பிடித்த வழி. நம் வீடுகளில் கிடைக்கும் பெரும்பாலான வாட்சுகளுக்கு அதுவே சரியான வழி என்றும் நினைக்கிறேன். ஜனதாவை விற்றால் வருவது அதிகம் போனால் இரண்டு மூன்று ஆயிரம். அதே பணத்துக்கு அப்பாவின் கையில் இருந்த இன்னொரு வாட்சை வாங்க முடியாது. ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் நான்கு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “மிஷினை முழுசா பிரிச்சுக் கழுவுவீங்களா, இல்ல அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுப்பீங்களா?” இரண்டு பேர் சிரித்து மழுப்பினார்கள். ஒருவர் பெட்ரோலே போதும் என்றார். நான்காமவர், பிரித்துக் கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெய் வைத்து, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் தருவேன், பதினைந்து நாள் ஆகும் என்றார். அவரிடம்தான் கொடுத்தேன். மாற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் பழையதைத் திருப்பித் தரும்படி கேட்டேன். டயலையும் முட்களையும் தொடக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரு வாட்சுக்கு 1,500 ரூபாய் ஆனது.

கட்டிக்கொள்ளத் தொடங்கினால் சில பழக்கங்கள் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது நல்லது. இந்தப் பழைய வாட்சுகள் முழுச் சாவியில் ஒன்றரை நாள் ஓடும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போனால் அது நோய் இல்லை. தண்ணீர் படக் கூடாது. டயலில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்திருக்கும். வெயில் நாளில் கட்டிக் கழற்றியதும் பின்மூடியை ஒரு துணியால் துடைத்து வைத்தால் வியர்வை அரிக்காது.

இனி, சேகரிப்பவருக்கு விற்பது. நேரமும் பொறுமையும் வேண்டும், பணமும் இதில்தான் அதிகம். மிஷின் உட்பட எல்லாப் பக்கமும் தெளிவான போட்டோ, தெரிந்த வரலாறு, எது அசல், எது மாற்றியது என்ற விவரம், இவ்வளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறு அச்சு டயலை அசல் என்று சொல்லி விற்றால் ஒருமுறை பணம் வரும், வாங்கியவர் நம்மைப்போலவே ஒருநாள் லென்ஸில் பார்த்து வருந்துவார். முன்பணம் வாங்காமல் கூரியரில் அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் கொடுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கெட் வாட்ச் போன்றவற்றை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருளாகிவிடும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

எங்கள் மூன்றில் விற்கத் தகுந்தது சீக்கோ. யாரும் கைவைக்காத டயல், அரபிக் கிழமை, அசல் செயின். அது அப்பா அதிகம் கட்டாத வாட்சும்கூட. விசேஷங்களுக்கு மட்டும் எடுப்பார். இருந்தாலும் விற்பதற்கு முன்னால் பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். அவருக்கு வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம் என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். “அப்பா கட்டின சீக்கோவே என்கிட்ட இருக்குப்பா. அது சித்தப்பாவுக்குக் கொடுத்தது, உங்க இஷ்டம்” என்றார். கோவையில் சீக்கோ மட்டும் சேர்க்கும் ஒருவருக்கு, நேரில் கொண்டுபோய் 4,500 ரூபாய்க்குக் கொடுத்தோம். 1982 என்று எழுதிய என் நோட்டின் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து வாங்கிக்கொண்டார்.

அந்தப் பணத்தில்தான் மற்ற இரண்டுக்கும் சர்வீஸ் நடந்தது. மீதியில் இரண்டுக்கும் நல்ல தோல் ஸ்ட்ராப். தாத்தாவின் ஃபேவர் லூபாவை அக்கா கட்டுகிறாள். அந்தக் கால ஆண்கள் வாட்ச் இன்றைய அளவுக்குச் சிறியதுதான், அவள் கைக்குப் பொருந்திப்போகிறது. டயல் அந்த மறு அச்சுதான். அசல் டயல் எங்காவது கிடைத்தால் மாற்றலாமா என்று கேட்டாள். அது வேறு யாரோ ஒருவருடைய வாட்சின் டயலாகத்தான் இருக்கும் என்று யோசித்து, அவளே விட்டுவிட்டாள்.

ஜனதா தம்பியிடம். முதல் நாள் விற்கலாம் என்று சொன்னவன், 600 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, வாட்சை என் கையிலிருந்து வாங்கி அப்போதே தன் கையில் கட்டிப் பார்த்தான். இப்போது காலையில் காபி குடிக்கும்போது சாவி கொடுக்கிறான், அப்பாவும் அந்த நேரத்தில்தான் கொடுப்பார். நாளைக்கு இருபது நொடி வேகமாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறான்.

டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். 1974 ரசீது, மிஷின் போட்டோக்கள், அந்த நோட்டு, ஜனதாவிலிருந்து எடுத்த பழைய ஸ்பிரிங், எல்லாம் அதில் இருக்கின்றன. சர்வீஸ் செய்தவர் மூடியின் உட்பக்கத்தில் ஆறாவது குறியைக் கீறிக் கொடுத்தார். அடுத்ததற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. தேதியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.